வடக்கே தலை

பாகூரில் உலகநாதனுக்கு மிஞ்சிய ஒரே துணை, ஈரச் சாக்கு சுற்றிய ஓர் இரும்புக் குழாய். இரண்டு முழ நீளம். உள்ளே அட்லாண்டிக் கடலடிச் சேறு. மனைவி போன பிறகு அவன் கடலடிச் சேற்றை ஆராயும் பிரெஞ்சுக்காரர் லூவே முசியேவுக்குச் சமைத்துக்கொண்டிருந்தான். 1939இல் போருக்கு அழைப்பு வந்தபோது முசியே குழாயை அவனிடம் ஒப்படைத்தார். சேறு காயக் கூடாது, மேல்நுனி எது என்பது மறக்கக் கூடாது என்றார்.

சேறு அடுக்கடுக்காகப் படிந்தது. மேலே இன்றைய கடல், அடியில் பூமி பனிமூடிக் கிடந்த காலம். வெதுவெதுப்பான கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரின் தட்டைச் சுருள் கூடு மேலடுக்கில் இருக்கும், பனிக்காலச் சேற்றில் இருக்காது. முசியே அதை லென்சில் காட்டியிருந்தார்.

தினம் தண்ணீர் தெளித்ததில் மேல்நுனியில் ஒட்டிய சீட்டு கரைந்துபோனது. இரு நுனியிலும் ஒரே மாதிரி மெழுகு அடைப்பு. அதனால் மேல்நுனியை வடக்கே வைத்து நினைவில் இருத்தினான்.

மூன்றாம் வருஷம். கடிதம் நின்று வெகுநாளாயிற்று. வீடு பெருக்க வரும் பக்கத்து வீட்டு வேலம்மாளிடம் கேட்டான்.

"தலை வடக்கேதானே இருக்கு?"

"இன்னாண்ணா, வடக்கே தலை வெச்சி எதையாவது கெடத்துவாங்களா? தலை வடக்கேன்னு நீ சொல்றப்பல்லாம் நாந்தான் திருப்பி வுட்டேன்."

"எத்தினி தபா?"

"ரெண்டு இருக்கும். மூணோ."

"ரெண்டா, மூணா?"

"எண்ணிக்கினா இருந்தேன்?"

இரண்டென்றால் சரி. மூன்றென்றால் தலைகீழ்; முசியே எழுதப்போவதெல்லாம் பொய்.

மெழுகைக் கீறி இரு நுனியிலும் சிட்டிகை சேறு எடுத்தான். துணியில் அலசி, இரண்டு வெற்றிலையில் காயவைத்து, லென்சை வைத்தான். வடக்கு நுனிச் சேற்றில் பொழுது சாயும்வரை தேடியும் தட்டைச் சுருள் ஒன்றுகூட இல்லை. தெற்கு நுனிச் சேற்றில் பார்த்ததுமே நாலைந்து.

"மூணு தபாதான் வேலம்மா."

"மண்ணு சொல்லுச்சாக்கும்." அவளும் குனிந்து பார்த்தாள். "அரிசி நொய்யாட்டம் இருக்குது. இதுக்கா இம்மாம் பாடு?" துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

சித்திரை வெயிலில் வியர்த்தபடி, பனி மூடிய காலத்தை அவன் தனியாகக் கண்டுபிடித்திருந்தான். சொல்ல ஆளில்லை. தெற்கு நுனியில் ஆணியால் 'மேல்' என்று கீறி, மெழுகு உருக்கி அடைத்தான். நடந்ததை முசியேவுக்கு எழுதித் தபாலாபீசுக்குக் கொண்டுபோனான்.

"பிரான்சுக்குத் தபால் போய் வருஷமாவுது," என்றார் அங்கிருந்தவர்.

கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு வேகமாகத் திரும்பினான். சாக்கு காய்ந்திருக்கும்.