ஈரச் சாக்கும் டிராக்டர் குழாயும்

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிக்க வேண்டும். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஆனாலும் ஒரு வாடை என்னை விடவில்லை. சுடுகிற இரும்பின் மேல் ஈரச் சாக்கு வேகும் வாடை, அடிப்பிடித்த சோறு போலவும் இருக்கும், மழை பட்ட மண் போலவும் இருக்கும்.

ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா டிராக்டர் ஓட்டினார். ரப்பர் பாலை ஸ்டோருக்கு இழுத்துப் போய் இறக்கிவிட்டு, மத்தியானம் சாப்பிட வரும்போது வண்டியை வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலிலேயே நிறுத்துவார். அதன் புகைக்குழாய், வண்டியில் ஏறும் படியை ஒட்டித் தாழ்வாகப் போகும். ஒரு நாள் தங்கை செல்வி அதில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து வண்டி நின்றதும் அம்மா ஒரு கோணிச்சாக்கை நனைத்து வந்து, குழாயின் மேலும் அது எஞ்சினோடு சேரும் வார்ப்பிரும்பின் மேலும் போர்த்திவிடுவார். "உஸ்" என்று ஆவி கிளம்பும்.

"இந்தா, சூட்டோட தண்ணி பட்டா இரும்பு வெடிச்சிரும்லா. அது தானா ஆறணும்," என்றார் அப்பா.

"வெடிச்சா ஒட்டு போடுங்க. புள்ள காலுக்கு ஒட்டு போட முடியுமா?"

எனக்கு இரண்டு பேரும் சொன்னது சரியாகவே பட்டது. அம்மா உள்ளே போனதும் அப்பா சாக்கைத் தூக்கி அடியில் பார்த்தார். எறியப் போகிறார் என்று நினைத்தேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த செல்வியை ஒரு தரம் பார்த்துவிட்டு, சாக்கை இருந்தபடியே போர்த்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

சில வாரங்களில் வார்ப்பிரும்பு வெடித்துவிட்டது. வெடிப்பு வழியாகப் புகை சீறி, வண்டி போட்ட சத்தத்தில் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியே லயத்துக்கு வந்துவிட்டார்.

"என்னலா முனியாண்டி, உன் டிராக்டருக்கு மட்டும் தீபாவளி முன்னாடியே வந்துருச்சா?"

லயமே சிரித்தது. வண்டியைக் கெடுத்தவர் கையில் வண்டி தங்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"சூட்டோட ஆத்துல இறக்கிட்டேங்க கிராணியாரே. என் தப்புதான்," என்றார் அப்பா.

தோட்டத்து ஆற்றுக்குப் பாலம் இருந்தது. அப்பா ஆற்றில் இறங்கியதாக எனக்கு நினைவே இல்லை. டிராக்டர் வேறொருவர் கைக்குப் போனது. அப்பா முதுகில் டப்பாவைச் சுமந்து புல்லுக்கு மருந்தடிக்கப் போனார்.

இப்போது நான் மலையிலிருந்து தாப்பாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறேன். இதில் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகடு இருக்கிறது. குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அதில் காற்று ஓடுவதால் குழாய் மெல்ல ஆறுகிறது, காலும் சுடுவதில்லை. அன்றைக்கு ஒரு துண்டுத் தகரம் போதும் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் வந்துவிட்டன. அப்பாவும் இல்லை. குனோங் ராபாட்டில் என்னோடு இருக்கும் அம்மா, அப்பாவின் பேச்சு வரும்போதெல்லாம் அந்த ஆற்றைத் திட்டுகிறார். தெரிந்து திட்டுகிறாரா, தெரியாமல் திட்டுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

எழுதி முடித்தது, தைப்பூசத்துக்கு மறுநாள்.