ஊதாத சங்கு

இல்லவே இல்லை. அவள் அபாயச் சங்கை அணைத்துவிட்டு ஓடிப்போனாள் என்று மருந்துக்கடை வாசலில் நின்று பேசுகிறவர்கள், ஐஸ் ஃபேக்டரிக்குள் ஒரு நாளாவது கால் வைத்தவர்களா? வாயு கசிந்த அன்று சங்கு ஊதவில்லை, உண்மைதான். அதற்கு முந்தின வாரம் அவள் வேலையை விட்டுப் போனாள், அதுவும் உண்மைதான். இரண்டையும் இழுத்து ஒரு முடிச்சுப் போடுகிறார்கள் பாருங்கள், அந்த முடிச்சுதான் பொய்.

ஒயர்க்காரி என்றால்தான் தெருவில் அவளைத் தெரியும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் மிஞ்சியது அவளும் கொழுந்தனும் மட்டுமே. சண்டை போடவும் சோறு போடவும் அவளுக்கு வேறு ஆள் கிடையாது. அவனுக்கும் அதே ஃபேக்டரியில், கம்ப்ரசர் அறையில் வேலை. அம்மோனியா ஓடும் குழாய்களெல்லாம் அங்கேதான். கொஞ்சம் கசிந்தால் கண் எரியும். நிறையக் கசிந்தால் கதவைத் தேடக்கூட நேரம் தராது. கசிவை மோப்பம் பிடித்துச் சங்கை ஊத வைக்கச் சுவர் அலமாரியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருந்தது. சோப்புப் பெட்டி அளவுதான். அதற்கான புரோகிராம் முழுக்க, யுஎஸ்பி ஒயரில் கூடவே தொங்கிய ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. இரண்டையும் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. பெட்டியில் கரண்ட் இருப்பதைக் காட்டும் சிவப்பு லைட் எரிந்தது. சோதனை பட்டனை அழுத்தினாள். சங்கு மூச்சுவிடவில்லை.

டிஸ்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள், ஊதியது. மெயினை அணைத்துப் போட்டாள், மறுபடி ஊமை. ஒயரை மாற்றினாள், ஒயர் செருகும் ஓட்டையை மாற்றினாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகினால் அதே டிஸ்க் சமர்த்தாக வேலை செய்தது. கடைசியில் டிஸ்கைக் காதோடு வைத்துக்கொண்டு மெயினைப் போட்டாள். உள்ளே டிக் டிக்கென்று ஒரு திணறல், சுற்ற முடியாமல் நின்றுவிட்டது. அப்போதுதான் விளங்கியது. எழுந்திருக்கும் நேரத்தில் பெட்டிக்கே கரண்ட் போதவில்லை, டிஸ்குக்கு எங்கிருந்து கொடுக்கும்? டிஸ்க் எழுந்திருப்பதற்குள் பெட்டி ஒருமுறை தேடிப் பார்க்கிறது, காணோம் என்றால் அதோடு தலைமுழுகிவிடுகிறது. லைட் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

அந்த லைட்தான் அவளைப் பயமுறுத்தியது. செத்துக் கிடந்தால் யாராவது பார்ப்பார்கள். உயிரோடிருப்பதுபோல் நடிக்கிறதை யார் பார்ப்பார்கள்?

டிஸ்குக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க, அடாப்டரோடு ஒரு யுஎஸ்பி ஹப் வாங்கி நடுவில் மாட்டினாள். டிஸ்க் எழும்வரை பெட்டி காத்திருக்கும்படி செய்தாள். மெயினை எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் சங்கு ஊதியது. கொழுந்தன் காதைப் பொத்திக்கொண்டு வந்தான்.

“போதும் அண்ணி. எனக்குச் சங்கு ஊதுறதுன்னா ஒரு தடவை ஊதினா பத்தாதா?”

“வாயைக் கழுவு முதல்ல. விளையாட்டுக்குக்கூட அப்படிப் பேசாதே.”

சில நாள் நிம்மதி. பிறகு ஒரு காலையில் கரண்ட் போய் வந்ததும் சங்கு மறுபடி ஊமை. ஹப்பில் அவள் மாட்டிய அடாப்டர் இல்லை. அந்த இடத்தில் யாரோ ஒரு பழைய போன் சார்ஜரைச் செருகியிருந்தார்கள். அது தரும் கரண்ட் டிஸ்கை எழுப்பப் போதாது. கம்ப்ரசர் அறையில் குட்டி ஃபேன் ஒன்று ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அவள் அடாப்டரில்.

“வெக்கை தாங்கலை அண்ணி. அதான் பதிலுக்கு ஒண்ணு மாட்டிட்டேனே. சார்ஜர்னா எல்லாம் ஒண்ணுதானே?”

“யாரைக் கேட்டு எடுத்தே?”

“முதலாளிதான் எடுத்துக்கச் சொன்னார். லைட் எரியுதுல்ல, அப்புறம் என்னன்னார்.”

திட்டித் தீர்த்துவிட்டு, ஃபேனுக்கென்று இன்னொன்று வாங்கிக் கொடுத்தாள். அடுத்த வாரம் ஷிப்டுக்கு வந்த வேறொருவன் போன் சீக்கிரம் சார்ஜ் ஏறும் என்று ஹப்பின் அடாப்டரைக் கழற்றிக்கொண்டு போனான். அதற்கடுத்தது காணாமலே போயிற்று. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒரு போன் சார்ஜர், மேலே எரியும் லைட். தூக்கத்தில்கூட அவளுக்கு அந்த டிக் டிக் கேட்க ஆரம்பித்தது. இப்போது குழாய் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். கசியலையே என்றார்கள்.

முதலாளியிடம் நேராகப் போனாள்.

“அந்த அலமாரிக்கு ஒரு பூட்டு போடுங்க. இல்லைன்னா கரண்ட் போய் வந்தா, சங்கை ஊதிப் பாக்குற வரைக்கும் கம்ப்ரசரை ஓட்டாதீங்க.”

“சீசன் நேரத்துல கம்ப்ரசரை நிறுத்தவா? பூட்டு உன் வாய்க்குத்தான்மா போடணும். எரியுற லைட்டைப் பாத்து ஏன் ஒப்பாரி வைக்கிறே?”

அவள் நேரே போய்ப் பெட்டியை அணைத்தாள். லைட் போயிற்று. பிறகு ஒருவரை விடாமல் கூப்பிட்டுச் சொன்னாள்: “சங்கு இல்லை. இருக்குன்னு நம்பி யாரும் உள்ளே நிக்காதீங்க. கண்ணு எரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்க.” இதைத்தான் சங்கை அணைத்துவிட்டு ஓடினாள் என்கிறார்கள். ஊதாத சங்கை ஊதாது என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். ஊதும் என்று நம்ப வைத்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலாளி எல்லோர் முன்னாலும் வந்து பெட்டியைப் போட்டார். சிவப்பு எரிந்தது. “பாத்துக்கங்க, நல்லாத்தான் இருக்கு. பயந்தவங்க வீட்டுக்குப் போகலாம்.” ஒருவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கம்ப்ரசர் அறை வாசலுக்கு வந்தாள். இரைச்சலில் கத்த வேண்டியிருந்தது.

“கிளம்பு. வேற வேலை பாத்துக்கலாம்.”

“அவங்க முன்னாடி உன் பின்னாலேயே வந்தா என்னை என்னன்னு சொல்வாங்க அண்ணி?”

“என்ன வேணா சொல்லட்டும்.”

“இந்த சீசன் முடியட்டும். நானே வந்துடறேன்.”

அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே, விரல் விரலாகப் பிரித்து விடுவித்துக்கொண்டான். கண் எரிந்தால் ஓடிவிடு என்று இன்னொரு முறை சொன்னாள். இரைச்சலில் கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினான். அவள் ஃபேக்டரிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். அடுத்த வாரம்தான் வாயு கசிந்தது.