தாரிகாவுக்காக ரங்கம்மாள் போட்ட சண்டை

ரங்கம்மாளுக்கு இந்தி தெரியும் என்ற பேச்சு ஆரணி கொசப்பாளையத்தில் எப்படிக் கிளம்பியதென்று யாருக்கும் ஞாபகமில்லை. அவளுடைய அப்பா கொஞ்ச காலம் பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் விசைத்தறி ஓட்டியவர். பாவாடை கட்டிய வயதில் அவளும் அங்கே இருந்திருக்கிறாள். அங்கிருந்து அவள் கொண்டுவந்தது தண்ணீர் கேட்க ஒரு சொல், கடைக்காரனைத் திட்ட இரண்டு சொல், அவ்வளவுதான். தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தத் தெருவில் கலர் டிவி இருந்தது பட்டுநூல் வியாபாரி முருகேசன் வீட்டில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தில்லியிலிருந்து இந்தியில் ஒரு மாயாஜாலத் தொடர் வரும். பெயர் 'நீலத்வீப்'. நடுக்கடலில் ஒரு நீலத் தீவு, அதற்கு ஒரு ராஜா, வானத்தில் பறக்கும் ஓடம், பேசும் கண்ணாடி. படம் எல்லோருக்கும் பிடித்தது. பேச்சுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. முதல் வாரமே முருகேசனின் மனைவி காசியம்மாள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"ரங்கம்மா, உனக்குத்தான் இந்தி வருமே. அந்தத் தாடிக்காரன் இன்னா சொல்றான்?"

தெரியாது என்று சொல்ல ரங்கம்மாளுக்கு வாய் வரவில்லை. கூடம் நிறைய பெண்கள். தறியை நிறுத்திவிட்டு வந்த ஆண்கள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்கள். தாடிக்காரனின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "ஓடத்துக்குக் காவல் போடச் சொல்றான். எவனோ உள்ளுக்குள்ளயே துரோகம் பண்றானாம்" என்றாள். அடுத்த காட்சியில் நிஜமாகவே ஒருவன் ஓடத்தின் அருகே பதுங்கிப் போனான். கூடம் 'அட' என்றது. அன்றிலிருந்து ரங்கம்மாள் இல்லாமல் தொடர் இல்லை என்று ஆகிவிட்டது.

அவள் பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொன்னவள் இல்லை. வாரம் முழுக்க ராட்டை முன்னால் உட்கார்ந்து புருஷன் வேணுகோபாலின் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே, போன வாரம் பார்த்த முகங்களை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். இவன் ஏன் அவளைக் கண்டதும் தலையைக் குனிந்தான், அவள் ஏன் அந்த மோதிரத்தைக் கழற்றி எறிந்தாள் என்று யோசிப்பாள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது காரணங்கள் தயாராக இருக்கும்.

தொடரில் ஒருத்தி வந்தாள். கறுப்பு உடை, ஒரு கண்ணை மறைத்துத் துணிக்கட்டு, பெயர் தாரிகா. அவள் வந்த வாரம் தொடர் ஆரம்பித்ததும் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது காவலர்கள் அவளை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து சிரிக்கிறான். ஒரு தொட்டில் ஆடுகிறது. அவள் தொட்டிலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

"அது அவ புள்ள" என்றாள் ரங்கம்மாள். "ராஜா திருடி வச்சிக்கினு கீறான். அவ புள்ளயக் கேட்டு வந்தா, சூனியக்காரின்னு பேரு கட்டி இழுத்துக்கினு போறானுங்க."

அதன்பிறகு வந்த வாரங்களெல்லாம் தாரிகாவின் வாரங்கள். அவள் சிறையை உடைத்தாள், கண்ணாடியோடு பேசினாள், வேஷம் மாறி அரண்மனைக்குள் புகுந்தாள். ஒவ்வொரு முறை அவள் தொட்டில் பக்கம் போனபோதும் கூடத்தில் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. எதிர்வீட்டு சுகன்யா அப்போது நிறைமாதம். ரங்கம்மாளின் தோளில் சாய்ந்துகொண்டுதான் பார்ப்பாள். பெண் குழந்தை பிறந்ததும், மாமியார் சொன்ன குலதெய்வப் பெயரைத் தள்ளிவிட்டு, தாரிகா என்று வைத்தாள். தொட்டிலில் போட்டு முதன்முதலாக அந்தப் பெயரைக் குழந்தையின் காதில் சொன்னவள் ரங்கம்மாள்தான். தில்லிக்காரர்கள் ஏதோ காரணத்தால் தொடரைப் பாதியிலேயே போடாமல் நிறுத்திவிட்டார்கள். தெருவில் அந்தப் பெண் மட்டும் வளர்ந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு தனியார் சேனல் அதே தொடரைத் தமிழில் பேசவைத்து, தினமும் சாயங்காலம் போட ஆரம்பித்தது. இப்போது பல வீடுகளில் டிவி இருந்தாலும் முருகேசன் வாங்கியிருந்த புதுப் பெட்டியின் அகலம் வேறு யாரிடமும் இல்லை. பழைய கூட்டம் அங்கேயே கூடியது. 'நம்ம தாரிகா கதை' என்று பிள்ளைகளையெல்லாம் இழுத்துவந்து உட்காரவைத்தார்கள்.

தொடரில் தாரிகா வந்த அன்று கரண்ட் போகவில்லை. முன்பு பார்க்காமல் விட்ட பகுதி முழுதாக வந்தது. அவள் தொட்டிலருகே குனிந்து, குப்பியிலிருந்து பச்சை விஷத்தைக் குழந்தையின் பாலில் ஊற்றினாள். பிறகு நிமிர்ந்து, கூரை அதிரச் சிரித்தாள்.

"இந்தச் சிசுவின் குருதி எனக்கு வேண்டும்! நீலத்தீவு என் காலடியில் மண்டியிட வேண்டும்!"

எல்லாத் தலைகளும் முதலில் ரங்கம்மாளின் பக்கம் திரும்பின. பின்பு சுகன்யாவின் மடியில் இருந்த சின்னப் பெண்ணின் பக்கம். யாரோ ஒரு பையன் 'ஹா ஹா ஹா' என்று அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டினான். பெரியவர்களும் சிரித்தார்கள். ரங்கம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து தெருவுக்கு அவள் வேடிக்கைப் பொருள் ஆனாள். குழாயடியில் "இந்தி டீச்சர் வராங்க, வழி வுடுங்க" என்றார்கள். வேணுகோபால் தறியைவிட்டு எழாமலே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "ஊரக் கூட்டி வச்சி இத்தினி வருசம் ரீல் சுத்தியிருக்க. வெளிய தல காட்ட முடியல" என்றான். அவள் ராட்டையைச் சுற்றிய வேகத்தில் நூல் அறுந்தது. அறுந்ததை முடிந்து மறுபடி சுற்றினாள், மறுபடி அறுந்தது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது பள்ளிக்கூடத்தில் நடந்தது.

சுகன்யாவின் மகள் தாரிகா அப்போது இரண்டாம் வகுப்பு. வகுப்பாசிரியர் சக்கரவர்த்தி வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் பெயரில் நிறுத்தி, "எங்கம்மா, விஷக் குப்பியக் கொண்டாந்தியா?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அன்றே இடைவேளையில் பிள்ளைகள் அவள் கண்ணில் கறுப்புத் துணியைக் கட்டி மைதானத்தைச் சுற்றித் துரத்தினார்கள். தொடரில் தாரிகாவை ஊரார் கல்லால் அடிக்கும் காட்சி அந்த வாரம்தான் விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முருகேசனின் மகன் நிஜக் கல்லை எடுத்தான். அவள் புருவம் பிளந்தது. தையல் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

சுகன்யா குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரங்கம்மாளின் வாசலுக்கு வந்தாள்.

"பாருக்கா. நல்லாப் பாரு. உன்னால வந்தது."

ரங்கம்மாள் கட்டின் மேல் கையை வைக்கப் போனாள். சுகன்யா தட்டிவிட்டாள்.

"தொடாத. உனக்கு இந்தி தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

"தெரியாது."

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாக்கா? எம் பொண்ணுக்கு ஒரு கொலகாரி பேர வச்சிட்டு நான் ஆறு வருசமா வாய் நிறைய கூப்டுகினு இருக்கேன். என் மாமியா இன்னிக்கு என்னப் பாத்து இன்னா கேட்டாங்க தெரியுமா?"

"அவ கொலகாரி இல்ல சுகன்யா."

"இன்னுமா? டிவில அவளே வாயத் தொறந்து சொல்றா!"

"அவ சொல்லல. எழுதிக் குடுத்தவன் சொல்றான்."

சுகன்யா குழந்தையின் கையை வெடுக்கென்று பிடித்தாள். "நீயும் உன் கதையும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டு போனாள். சின்னத் தாரிகா போகிற போக்கில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

ரங்கம்மாள் அன்று சமைக்கவில்லை. அவளுக்கு இப்போது கோபம் தெருவின் மேல் இல்லை, சுகன்யாவின் மேலும் இல்லை. இத்தனை நாளும் வெட்கப்பட்டு, தன் வீட்டுச் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தமிழ்த் தொடரைப் பார்த்துவந்திருக்கிறாள். தான் எங்கே பிசகினோம் என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கோபம் கதை எழுதியவன் மேல் திரும்பியது. தாரிகா ஏன் அப்படிச் செய்கிறாள் என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை. கிரகணத்தில் பிறந்தாள், அதனால் கெட்டவள் ஆனாள் என்று ஒரு முனிவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"கிரகணத்துல பொறந்தா கெட்டவளா?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். "எங்க அக்கா மவன் கிரகணத்துலதான் பொறந்தான். சேத்துப்பட்டுல பேங்க்குல வேல பாக்குறான்! இத்தினி பேர வச்சி, கடலக் காட்டி, ஓடத்தப் பறக்கவுட்டுக் கதை எடுக்கத் தெரியுது. ஒரு பொம்பள ஏன் அழுதான்னு யோசிக்கத் தெரியல?"

அந்த நடிகை அழுதிருந்தாள். அதை ரங்கம்மாள் அன்றும் பார்த்தாள், இன்றும் பார்த்தாள். முகம் ஒன்று சொல்ல, மேலே ஒட்டிய தமிழ்க் குரல் வேறொன்று சொன்னது.

மறுநாள் சாயங்காலம் கல்லெறியும் காட்சி வந்தது. முருகேசன் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. ரங்கம்மாள் உள்ளே நுழைந்தபோது யாரோ கனைத்தார்கள். திரையில் தாரிகாவைக் கூண்டு வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக இழுத்து வந்தார்கள். முதல் கல் விழுந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ரங்கம்மாள் நேரே டிவியிடம் போய்ச் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். குரல், கொட்டு, சிரிப்பு எல்லாம் தேய்ந்து நின்றன. கையை எடுக்காமல் கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இப்பப் பாருங்க. சத்தம் இல்லாம பாருங்க. கல்லெடுக்கிறானுங்களே, ஒருத்தன் மூஞ்சியாவது பாருங்க. அவனுக்கு அவ இன்னா செஞ்சா? ஒண்ணும் செய்யல. பக்கத்துல இருக்கிறவன் எடுக்கறான், இவனும் எடுக்கறான். அவ மூஞ்சியப் பாருங்க. யாரத் தேடறா? அடிக்கிறவனையா பாக்கறா? மாடத்துல ராஜா கையில இருக்குதே, அந்தக் கொழந்தயப் பாக்கறா. இது எனக்கு எந்த பாஷயும் சொல்லிக் குடுக்கல. கண்ணு இருக்கறவங்க யாரும் பாக்கலாம்."

முருகேசன் எழுந்தான். "என் ஊட்ல வந்து என் டிவியவே நிறுத்துவியா? பொய் சொல்லி மாட்டிக்கினு, இப்ப நியாயம் பேச வந்துட்ட?"

"ஆமா, பொய்தான் சொன்னேன். என் பொய்யக் கேட்டு இந்தத் தெருவுல ஒருத்தன் கல்லெடுத்தானா? இந்த டிவிக்காரன் நெசத்தச் சொல்றான், உம் பையன் ஒரு கொழந்த புருவத்தப் பொளந்துட்டு வந்து நிக்கிறான். கேட்டியா அவன? ஒரு வார்த்த கேட்டியா?"

முருகேசன் அவள் கையைத் தள்ளிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினான். கூட்டத்தின் ஓலம் மறுபடி கூடத்தை நிறைத்தது. ஆனால் இந்தத் தடவை ஒரு பிள்ளையும் கைதட்டவில்லை. காசியம்மாள் சமையற்கட்டிலிருந்து வந்தாள். மகனின் காதைத் திருகி எழுப்பினாள். பிறகு சுவர் ஓரம் போய்ச் சுவிட்சையே அணைத்தாள்.

"இன்னாடி பண்ற?" என்றான் முருகேசன்.

"எனக்கு அவ சொன்ன கதைதான் தெரியும். அந்தக் கதைக்கு நான் அழுதிருக்கேன். இது எனக்கு வாணாம்" என்றாள் காசியம்மாள். மகனை அப்படியே இழுத்துக்கொண்டு சுகன்யா வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் ரங்கம்மாள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். சுகன்யாவும் பத்தடி பின்னால் வந்தாள். சக்கரவர்த்தி வாத்தியார், "குழந்தைங்க சிரிக்கட்டும்னு வெளையாட்டுக்குச் சொன்னதும்மா. இதப் போய்ப் பெரிசு பண்ணிக்கினு" என்று இழுத்தார்.

"உங்க பேரு சக்கரவர்த்தி" என்றாள் ரங்கம்மாள். "நீங்க இந்தத் தெருவுல சைக்கிள்ல போகும்போது, கிரீடம் எங்க, யானை எங்கன்னு நாங்க யாராவது கேட்டமா சார்?"

வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. வாத்தியார் முகம் சிவந்தார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெயரை மற்ற பெயர்களைப் போலவே வாசித்தார்.

சுகன்யாவின் புருஷன் பெயரை மாற்றிவிடலாம் என்று விசாரித்து வந்தான். ஸ்வேதா என்று ஒரு பெயரும் பார்த்து வைத்திருந்தார்கள். சின்னப் பெண் ஒப்பவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்றாள். அப்படியே திரும்பாமலும் இருந்தாள். ஒரு வாரம் அழைத்துப் பார்த்துச் சலித்து விட்டுவிட்டார்கள்.

தொடர் தாரிகாவை எரித்து முடித்தது. ரங்கம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அதை எழுதியவனின் கை விளங்காமல் போகட்டும் என்று வாசலில் நின்று மண்ணை வாரி இறைத்தாள். வேணுகோபால் தடுக்கவில்லை.

சுகன்யா அவளை முழுதாக மன்னிக்கவே இல்லை. ஒருநாள் குழாயடியில் தானாகவே பேசினாள். "நீ சொன்ன கதை நல்ல கதைதான்க்கா. ஆனா எங்கிட்டயாவது உண்மைய சொல்லியிருக்கணும். உன் தோள்ல சாஞ்சிக்கினு இருந்தவ நான்."

ரங்கம்மாள் குழாயை மூடினாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ராட்டை முன்னால் உட்கார்ந்து, சுற்றி முடித்த நூலையே பிரித்து மறுபடி சுற்றினாள். தெருவே சிரித்தபோதுகூட அவளுக்கு அத்தனை வலிக்கவில்லை.

பிறகு வந்த வருஷங்களில் பாம்புப் பெண், பேய் மருமகள், மறுபிறவி என்று எத்தனையோ தொடர்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒருத்தி காரணமில்லாமல் கெட்டவளாக இருந்தாள். ரங்கம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள், எல்லாவற்றோடும் சண்டை போட்டாள். அவள் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்கும். தாரிகா பள்ளிவிட்டு வந்ததும் பையைத் தன் வீட்டு வாசலில் எறிந்துவிட்டு ரங்கம்மாள் வீட்டுக்கு ஓடுவாள். சுகன்யா கூப்பிட்டாலும் வரமாட்டாள். இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து திட்டுவார்கள். ரங்கம்மா பெரிம்மாவைவிடப் பெண் இன்னும் கடுமையாகத் திட்டுவாள்.