தேத்தண்ணி வேண்டாம்

எங்களுக்குக் கீழ்மாடியில் குடியிருந்த பிரெஞ்சு அம்மா மோர்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். நெடிய உருவம், ஆண்கள் போடுவது போன்ற தட்டைச் சப்பாத்து. கதவைத் தட்டியதும் இரண்டடி பின்னால் போய் நிற்பார். தெரிந்த வீட்டிலும் அப்படித்தான்.

ஊழியத்துக்குப் போகவிருக்கும் பொடியன்களைப் பழக்குவது அவர் வேலை. அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கதவு தட்டிப் பிரசங்கிக்க வேண்டும். தனியே எங்கும் திரியக்கூடாது. சபைச் சட்டப்படி தேநீரும் கோப்பியும் தொடவே கூடாது.

அவர்களைப் பாரிஸ் லா சப்பலில் இருந்த எங்கள் அறைக்குத்தான் கூட்டி வருவார். என்னோடு இருந்த அண்ணை ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். "தேத்தண்ணி குடியாமல் இஞ்சையிருந்து ஒருத்தரும் போகேலாது" என்பார். முதலில் வந்த பொடியன் மறுக்கத் தெரியாமல் குடித்தே விட்டான்.

"பிறகு ஏன் இங்கேயே கூட்டி வருகிறீர்கள்?" என்று அம்மாவிடம் பிரெஞ்சில் கேட்டேன்.

"கதவை அறைந்து சாத்துகிறவர்களை இவர்கள் சமாளிப்பார்கள். உங்கள் அண்ணனைத்தான் சமாளிக்க முடியவில்லை."

அடுத்து வந்த செம்பட்டைத் தலையன், அண்ணை நீட்டிய கோப்பையைப் பார்த்துக் காதுவரை சிவந்தான். "தேநீர் நான் குடிப்பதில்லை. ஆனால் பசிக்கிறது. சோறு இருக்கிறதா?"

அண்ணைக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியே, வாய் திறந்து கேட்டிட்டான்!" என்று பானையையே தூக்கி வந்தார். பொடியன் காரத்தில் கண்ணீர் வழிய வழிய மீன்குழம்பை ஒரு கை பார்த்தான். அம்மா எழுந்து நின்று கைதட்டினார்.

தேநீர் தொடாமல் வந்துவிட்டான் என்று படிக்கட்டில் காத்திருந்த மற்றப் பொடியன்களின் வெற்றிக் கூச்சல். "சாப்பிட வைச்செல்லோ விட்டனான், நான் வெண்டிட்டன்!" என்று மேலே அண்ணை துள்ளினார்.

எங்களிடம் ஒருநாளும் மதம் பேசாத அந்த அம்மா, கைதட்டும்போது பார்த்தது பொடியனை அல்ல, அண்ணையைத்தான்.