மயங்கிக் கிடந்த செல்கள்

நவரைப் பருவத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் என் கணவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நடவு நேரத்தில் உட்காருகிற ஆள் இல்லை அவர். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் பயந்துபோய் எனக்குப் போன் போட்டார்கள். நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையின் ஆய்வகத்தில் இருந்தேன். கம்பிகள் மேல் உப்புத் தண்ணீரைத் தெளித்து, எத்தனை நாளில் துரு ஏறுகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை.

"ஒண்ணும் இல்லமே, வாயு. ஒரு சோடா குட்ச்சா சரியாப் பூடும்" என்றார் போனில்.

"தாடை வலிக்குதா?"

"ஆமா. அது எப்டி உனக்குத் தெரியும்?"

ஆலையில் முதலுதவி வகுப்பு எடுத்தபோது நான் தூங்காமல் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். போனிலேயே கத்தினேன். அந்தப் பெண்கள் சேற்றுக் காலோடு அவரை ஒரு லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேருவதற்குள் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து முடித்திருந்தார்கள்.

மறுநாள் டாக்டர் எங்கள் இருவரிடமும் பேசினார். முப்பதைத் தாண்டாத பெண். ஒரு காகிதத்தில் இதயத்தை வரைந்து, இடப்பக்கச் சுவரில் ஒரு பகுதியைப் பேனாவால் கோடிட்டார்.

"இதயம் ஒரு நிமிஷம்கூட ஓய்வெடுக்காம எரிபொருள எரிச்சிட்டே இருக்கும்மா. எரியிற இடத்துல பொறி பறக்கும் இல்ல? அதே மாதிரி செல்லுக்குள்ள ஆக்சிஜன்ல இருந்து பொறி பறக்குது. வயசு கம்மியா இருந்தா செல்லே அத அணைச்சிடும். வயசாக ஆகப் பொறியும் அதிகம், அணைக்கிற வேகமும் குறைவு. அதனாலதான் வயசான இதயத்துல, ரத்தம் நின்னா செல்லுங்க சீக்கிரம் செத்துடுது. அடைப்ப எடுத்து ரத்தம் திரும்பப் பாயும்போதும் பொறி ஒரேயடியா பறந்து இன்னும் கொஞ்சம் சாகும்."

"அப்போ துருதானே டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "கிட்டத்தட்ட. ஆனா இரும்பு தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்காது. செல் முடிஞ்சவரைக்கும் பண்ணிக்கும்."

"செத்தது மொளைக்குமா?" இது என் கணவர். நெல் போடுகிறவரின் கேள்வி.

"அநேகமா இல்லைங்கய்யா. ஆனா எல்லாமே செத்திருக்காது. சிலது அதிர்ச்சியில மயங்கிக் கிடக்கும். எது செத்தது, எது மயங்கினதுன்னு மூணு மாசம் கழிச்சு எக்கோ ஸ்கேன் எடுத்தா தெரியும்."

'மயங்கிக் கிடக்கும்' என்ற அந்த ஒரு வார்த்தையை என் கணவர் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலையில் கண் விழித்ததும் நெஞ்சைத் தட்டி, "டேய், விடிஞ்சிருச்சு, எழுந்திருங்கடா!" என்பார். நான் அடுப்படியில் நின்று அழுவேன். பிறகு சிரிப்பு வந்துவிடும். இரண்டும் சேர்ந்து வந்த நாட்களும் உண்டு.

அதோடு விட்டாரா? பொறியை அணைக்கிற பொருளெல்லாம் எதில் இருக்கிறது என்று ஊரெல்லாம் விசாரித்தார். காலையில் நெல்லிக்காய்ச் சாறு, பத்து மணிக்கு மாதுளை, மதியம் பீட்ரூட், சாயங்காலம் கசக்கும் பச்சைத் தேநீர். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் யானைக்குக் கொடுக்கிற அளவில் மாத்திரை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து தலையில் கட்டிவிட்டுப் போனார். ஒரு நாள் இவர் என்னிடம் நாக்கை நீட்டிக் காட்டினார். நாவல்பழ நிறம்.

"இன்னாங்க, உள்ள இருக்கிற செல்லு எழுந்துச்சுன்னா உங்க நாக்கப் பாத்து மறுபடியும் மயங்கிடும்" என்றேன்.

அடுத்த முறை போனபோது அந்த டப்பாவை டாக்டர் மேசையில் வைத்தேன். "பழம் சாப்பிடுங்க. இந்த மாத்திரை வேணாம். இது இதயத்தக் காப்பாத்தும்னு நிரூபணம் கிடையாது. அதுக்குப் பதிலா நடங்க. மெதுவா ஆரம்பிங்க. நடக்க நடக்கச் செல்லு தன்னோட தீயணைப்புப் படைய தானே பெருசாக்கிக்கும்" என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சோழவரம் ஏரிக்கரையில் நடந்தோம். முதல் வாரம் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி நாடியை எண்ணிக்கொண்டே நடந்தேன். யாராவது வணக்கம் சொன்னால் எண்ணிக்கை தவறிவிடும். மூன்றாவது வாரம் அவர் கையை உதறினார். வாலிபத்தில் சோழவரத்தில் கார் பந்தயம் பார்த்தவர். திடீரென்று ஸ்டீயரிங் பிடிப்பது போல் கைகளை நீட்டி, வாயால் இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டு வேகமாக நடந்து என்னைத் தாண்டினார்.

"யோவ்! டாக்டர் மெதுவான்னு சொன்னாங்கய்யா!"

"மெதுவாத்தான் போறேன். உன் செல்லுக்கும் வயசாவுது, தெரிஞ்சிக்கோ. கியர மாத்து!"

ஐம்பத்தெட்டு வயதில், புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நானும் வாயால் சத்தம் போட்டுக்கொண்டு அவரைத் துரத்தினேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா வாயைப் பிளந்து பார்த்தார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படி இருந்ததில்லை.

மூன்று மாதம் முடிந்து எக்கோ எடுக்கும் அறையில் நான் சுவரோடு ஒட்டி நின்றேன். டாக்டர் கருவியை அழுத்தி அழுத்தித் திரையைப் பார்த்தார். கடைசியில் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இந்தச் சுவர் போன தடவ அசையவே இல்லம்மா. இப்போ பாருங்க."

அசைந்தது. சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சோம்பலாக, ஆனால் அசைந்தது. ஓரத்தில் விரல்நுனி அளவு இடம் மட்டும் சும்மா இருந்தது.

"அது செத்துப்போச்சா?" என்றார் இவர்.

"ஆமாங்கய்யா. அது தழும்பு."

அவர் ஒரு கணம் அதையே பார்த்தார். "மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் எழுந்துடுச்சு."

ஸ்கேனுக்குத் தடவிய ஜெல் பசையோடு இருந்த அந்த மார்பைத் துடைக்கக்கூட விடாமல் அவர் சிரிக்க, நான் சிரிக்க, டாக்டரும் நர்ஸும் சிரிக்க, வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சிரிப்போடேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்தபோது, எங்கள் ஊருக்குப் பஸ் மாறுகிற இடத்தைச் சொல்லி, "ரெட்ஹில்ஸ் ரெண்டு" என்றேன்.

"இது ஊத்துக்கோட்ட வண்டிம்மா. ஊர விட்டே வெளிய வந்துட்டோம். எறங்கறீங்களா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலில் தலையை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். "ஊத்துக்கோட்டயே குடுப்பா" என்றார் திரும்பாமல். "அங்கருந்து பெரியபாளையம் வழியா ஊட்டுக்குப் போய்க்கலாம். இன்னா அவசரம்?"

பெரியபாளையத்தில் இறங்கி இட்லி தின்றோம். இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம்.