சீன எழுத்துக்களுக்குப் பக்கத்தில்

நாற்பத்தெட்டு வயதில் ஆங்கிலச் சொற்களைச் சீன விளக்கத்தோடு படித்தேன். சீனத்தில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. புத்தகம் ஆங்கில வகுப்பில் என் பக்கத்தில் இருந்த சீனப் பெண்ணுடையது.

பிரான்சில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர்கள் நாங்கள். குட்மேய்ஸில் வீடு. கடைக்கும் பஸ்சுக்கும் போதுமான ஆங்கிலம் என்னிடம் இருந்தது. கவுன்சில் கடிதம், பாங்க், டொக்டர் எல்லாவற்றையும் மகள் பார்த்துக்கொண்டாள். பதினாறு வயதில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தபோது, ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னதும் அவளே.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று தாதி கேட்டார். நான் வேண்டாம் என்றேன். வருகிறவர் தமிழர், எங்கள் ஆட்கள் நிறைந்த ஈஸ்ட் ஹாமில் யாருக்காவது உறவாக இருப்பார், பெண்பிள்ளைக்கு வலிப்பு என்ற கதை நாங்கள் வீடு போய்ச் சேருமுன் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

டொக்டர் நீண்ட நேரம் பேசினார்.

“நித்திரை காணாததால வந்ததாம் அம்மா. குளிசை போட்டால் சரியாம்” என்றாள் மகள்.

“இவ்வளவு நேரம் கதைச்சார், இவ்வளவுதானோ?”

“இங்கிலீசில அப்பிடித்தான் இழுப்பினம்.”

மூன்று வாரத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு குளித்தவளுக்குத் தொட்டிக்குள் வலிப்பு வந்தது. கணவர் கதவை உடைத்தார். தலை தண்ணீருக்கு மேலே இருந்தது. அது தற்செயல். பிறகு அவளுடைய பையில் ஆஸ்பத்திரித் தாள் ஒன்றைக் கண்டேன். போனைப் பிடித்துத் தமிழாக்கிப் பார்த்தேன். கதவைப் பூட்டக்கூடாது, தொட்டியில் தனியே குளிக்கக்கூடாது என்று இருந்தது. தாளைப் போன் தமிழாக்கும். எதிரே இருந்து பேசும் டொக்டரை நானேதான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன்.

அந்தச் சீனப் பெண் முதியோர் இல்ல வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் முழுதும் நோய்ச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சீன விளக்கம், கீழே ஆங்கிலத்தில் எளிய வாக்கியங்கள். ‘நோயாளிக்கு நேற்று இரண்டு முறை வலிப்பு வந்தது. அவர் தனியாக இருந்தார்.’ சீனத்தைத் தாண்டி அவற்றையே திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வாக்கியங்களில் எந்த நோயாளிக்கும் தாய் இல்லை.

“பாதிப் புத்தகம் உனக்கு வீண்” என்றாள் அவள், எங்கள் இருவருக்கும் பொதுவான நொண்டி ஆங்கிலத்தில்.

“மற்றப் பாதி உனக்கு வீண். நீ வாக்கியங்களைத் தொடுவதே இல்லை.”

சிரித்தாள். அதற்குப் பிறகு நான் வாக்கியத்தைச் சத்தமாகப் படிப்பேன். அவள் சீனத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லை நடித்துக் காட்டுவாள். இருமல், வீக்கம், மயக்கம் என்று ஒவ்வொன்றாக வந்தோம். வலிப்புக்குக் கண்ணை மேலே செருகிக் கைகளை உதறினாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். உடனே நிறுத்தினாள்.

“யாருக்கு?”

“மகளுக்கு” என்றேன். வீட்டுக்கு வெளியே நான் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மகளிடம், “இண்டைக்கு நான் கதைக்கிறன்” என்றேன்.

“உங்களுக்கு ஏலாதம்மா.”

“ஏலாட்டி உன்னைக் கேக்கிறன்.”

வலிப்பு மறுபடி வருமா, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். டொக்டர் கதிரையை என் பக்கம் திருப்பினார். வரலாம், சில வருடங்களுக்குக்கூட வரலாம் என்றார். கதவைப் பற்றியும் சொன்னார். முதல் நாளே மகளிடம் சொன்னதாகவும் சொன்னார். எல்லாம் விளங்கியது. மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் தரிப்பிடத்தில் கேட்டேன். “முதல் நாளே உனக்கு எல்லாம் விளங்கினதோ?”

“ஓம்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“சொன்னால் அந்த இடத்திலயே அழுவீங்கள். ஏன் அழுறியள் எண்டு டொக்டர் கேப்பார். அதையும் நான்தான் அவருக்குச் சொல்ல வேணும்.”

நான் அழவில்லை. அவளுக்கும் பயமாக இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றாள், வீதியைப் பார்த்தபடி.

குளியலறையின் புதிய கதவுக்குப் பூட்டுப் போடவில்லை. அவள் குளித்து முடிக்கும்வரை நான் வெளியே மாடிப்படியில் இருக்கிறேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே இருந்து, “இன்னும் உயிரோடதான் இருக்கிறன்” என்று கத்துகிறாள். நான் எழுந்து போவதில்லை.