ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி

என் வாப்பாவின் உயிரைக் குடித்த கஞ்சியை ஊட்டியவன் நான். அந்தப் பழியைச் சுமப்பவள் என் மனைவி ஸரீனா.

இதை வாசிக்கும் நீங்கள் இரக்கப்பட ஆயத்தமாகிறீர்கள் என்றால் வேண்டாம். பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று எனக்காகப் பரிந்து பேசவும் வேண்டாம். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உயிர் தப்பியது, விழுங்கும் சக்தி போய்விட்டது. மூக்கு வழியாக வயிறுவரை ஒரு மெல்லிய குழாயைப் போட்டு, அதோடுதான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் குறிஞ்சாக்கேணிப் பக்கம் கலியாணம் முடித்தவன் பெண்வீட்டில்தான் போய் இருப்பான். ஆகவே வாப்பா வந்து படுத்தது ஸரீனாவின் சீதன வீட்டில், அவளுடைய முன்னறையில். அடுத்த ஒழுங்கையில் இருந்த என் ராத்தாவின் வீட்டில் இடமில்லையாம். பெற்ற மகளுக்கு இடமில்லை!

குழாயால் சாப்பாடு கொடுக்கப் பழக்க வந்த தாதி, “வீட்டில ஆர் செய்யப் போறீங்க?” என்று கேட்டார். நான் வாசல் பக்கம் பார்த்தேன். ஸரீனாதான் முன்னுக்குப் போனாள்.

சோறு, பருப்பு, கரட், மீன் எல்லாவற்றையும் அவித்து, அரைத்து, துணியில் வடித்துத் தண்ணீர்ப் பதமாக்க வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி, பெரிய சிறிஞ்சில் ஊற்றி, அது தானாக இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். முடிந்த கையோடு படுக்கவைக்கக் கூடாது. டொக்டர் பார்த்துச் சொல்லும்வரை வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீர்கூட. “வாயால குடுத்தா நெஞ்சுக்குள்ள போயிரும்” என்று தாதி என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தடியில் படகு எஞ்சின் திருத்துகிறவன். காற்றுப் போகிற வழியில் தண்ணீர் போனால் எஞ்சினுக்கு என்ன நடக்கும் என்று எனக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஸரீனா பிசகாமல் செய்தாள். வாப்பாவின் கன்னத்தில் சதை பிடித்தது. என்னைக் கண்டால் சுகமான கையைத் தூக்கிக் காட்டினார். அப்படியே விட்டிருக்கலாம்... விட்டார்களா?

நோயாளி பார்க்க வருகிறவர்களைச் சொல்கிறேன். நீங்களும் அப்படி ஒருவராக யார் வீட்டுக்காவது போயிருப்பீர்கள். சாப்பிடவே ஏலாத மனுசனுக்கு முந்திரிகைப் பழமும் பிஸ்கற்றும் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தார்கள். கதிரையில் இருந்துகொண்டு குழாயைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். “வாய் இரிக்க மூக்கால சாப்பாடா?” என்றார் ஒருவர். “மகள் எண்டா ஊட்டியிருப்பாள். மருமகள் தானே” என்றாள் ஒருத்தி, ஸரீனா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள்மீது அல்ல, என் மனைவியின்மீது! ஊரார் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்கிறாளே என்று. இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அந்த நேரம்தான் நோன்பு மாதம் வந்தது. ஒரு நாள் மாலை ராத்தா வந்து வாப்பாவின் காய்ந்த உதட்டைத் தடவினாள்.

“நோன்பு மாசத்தில ஒரு முடறு கஞ்சி இல்லாமக் கிடக்காரு. நீ மகன் தானே? ஒனக்குக் கண் இல்லையா?”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நோன்பு திறந்ததும் ஸரீனா உள்ளறைக்குத் தொழப் போனாள். பள்ளிவாசலில் காய்ச்சிய கஞ்சி மேசையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. இறைச்சி, தேங்காய்ப்பால், உள்ளி போட்ட கஞ்சி. வாப்பா அதையே பார்த்தார். என்னைப் பார்த்தார். மீண்டும் அதைப் பார்த்தார். நான் கிண்ணத்தை எடுத்தேன்.

முதல் கரண்டி இறங்கியது. அவருடைய கண் கலங்கியது. அடுத்ததும் இறங்கியது. அப்போது எனக்குள் இருந்தது அன்பு என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் இருந்திருக்கும். அதைவிடப் பெரிதாக இருந்தது வீம்பு. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை, நீயும் உன் தாதியும் என்று மனதுக்குள் ஸரீனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் ஊட்டினேன். கிண்ணம் பாதியானது.

பிறகு வாப்பா இருமினார். உதடு நீலம் பாரித்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரை நிமிர்த்தி வாயைத் துடைத்தேன். அடுத்து, கிண்ணத்தைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்தேன். தகப்பன் மூச்சுக்குத் திணறும்போது மகன் கிண்ணம் கழுவினான்!

இருமல் கேட்டு ஸரீனா ஓடி வந்தாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். வாய்ப்பக்கம் குனிந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“வாப்பாட வாயில உள்ளி மணக்குது. ஏதும் குடுத்தீங்களா?”

“இல்ல. நான் குடிச்ச கஞ்சிதான் மணக்குது.”

நம்பிவிட்டாள். இருமல் அடங்கியபின், தலையணையைச் சரிபார்த்து, வழமைபோல் சிறிஞ்சை எடுத்து ஊற்றத் தொடங்கினாள். தடுக்கலாம். ஒரு வார்த்தை போதும்... நான் வாயைத் திறக்கவில்லை. ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மறுபடி இருமல் வந்தது. அந்த நேரம் பார்த்து ராத்தா உள்ளே வந்தாள். அவள் கண்டது சிறிஞ்சோடு நின்ற ஸரீனாவை.

விடியும்போது காய்ச்சல். திரும்பவும் ஆஸ்பத்திரி. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். “வாயால ஏதும் குடுத்தீங்களா?” என்று டொக்டர் கேட்டார். ஸரீனா இல்லை என்றாள். அவளுக்குத் தெரிந்த உண்மை அது. நானும் இல்லை என்றேன். அப்படியென்றால் குழாயில் கொடுத்த முறையில் ஏதும் பிழை நடந்திருக்கலாம் என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லை ராத்தா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாப்பா மௌத்தானார்.

“அவள்ட கை பிழைச்சிட்டு” என்று ராத்தா சொன்னது ஒழுங்கை முழுக்கப் போனது. மூன்றாம் கத்தம் ஓதிய அன்று ஸரீனா சமைத்த சோற்றை ராத்தா தொடவில்லை. நான் தொட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஒரு நாள் ஸரீனா அழுதபோது நான் சொன்ன வார்த்தையைக் கேளுங்கள். “நான் ஒன்ன மன்னிச்சிட்டன்.”

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதைவிடக் கேவலம் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள்.

இருக்கிறது. இப்போது அது எங்கள் வீட்டில் நடக்கிறது.

ஸரீனாவின் உம்மாவுக்கும் அதே வருத்தம். மாமியும் மூக்கில் குழாயோடு அதே முன்னறையில் கிடக்கிறார். “நீங்க மகள் தானே, பழகுங்க” என்று தாதி கூப்பிட்டபோது ஸரீனா பின்னால் போய் நின்றாள்.

“எனக்கு ஏலா. என்ட கை சரியில்ல.”

நான் பழகிக்கொண்டேன். வேலைக்குப் போகுமுன் ஊற்றுகிறேன், வந்த பின் ஊற்றுகிறேன். மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அதே சனம் அதே கதிரையில் இருந்து சொல்கிறது. பகலில் நான் துறைமுகத்தில். ஸரீனா எல்லாவற்றையும் அரைத்து வடித்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீடுகளில் ஆள் தேடுவாள். ஆள் கிடைக்காத நாளில் மாமியின் வயிறு காயும். மாமி மெலிந்துகொண்டே போகிறார். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்துவிட்டு ஏசினார்கள். ஏச்சை வாங்கியதும் ஸரீனாதான்.

உண்மையைச் சொன்னால் அவளுடைய கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அவளுடைய உம்மாவுக்குப் பகல் சாப்பாடு கிடைக்கும். இன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றேன். சொல்லத்தான் நின்றேன்.

பகலானதும் சிறிஞ்சை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாயில் வந்தது வேறு.

“பழசை விடு. நான்தான் அப்பவே மன்னிச்சிட்டனே. நீயே ஊத்து.”

இரு கையையும் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். மாமியின் தலையை உயர்த்தி, தலையணையை இருமுறை சரிபார்த்தாள்.

“நீங்க பக்கத்தில நில்லுங்க” என்றாள். “நான் பிழை விட்டா உடனே சொல்லுங்க.”

ஓம் என்றேன். முழுவதும் இறங்கி முடியும்வரை, அவள் எங்கே பிழை விடுகிறாள் என்று பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்றேன்.